இன்னும் செய்யாத கடிகாரங்கள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இன்றிலிருந்து எட்டு வாரத்துக்கு என்னைப் போனில் கூப்பிடாதே. கோபம் எதுவும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உன் கம்பெனியின் பங்குக்கு என்ன விலை தகும் என்று அறிக்கை எழுதும் வேலை என் மேசைக்கு வந்திருக்கிறது. உள்ரகசியம் கசிந்துவிடும் என்பதால், கூடப்பிறந்தவன் வேலை செய்கிற இடத்தை மதிப்பிட எங்கள் அலுவலகத்தில் யாரையும் விட மாட்டார்கள். ஆனால் ராயல்டியை நம்பி நடக்கும் கம்பெனிக்கு விலை போடத் தெரிந்தவள் இங்கே நான் ஒருத்திதான். மேலாளர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு வழி கண்டுபிடித்தார். அறிக்கை வெளிவரும் வரை நாம் இருவரும் கடிதத்தில் மட்டுமே பேசிக்கொள்ள வேண்டும். நீ அலுவலக முகவரிக்கு எழுது. விதிமுறை அதிகாரி முதலில் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் தருவார். நான் எழுதுவதன் நகலும் அவர் கோப்பில் இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இது நல்லபடியாக முடிந்தால் பிரிவுத் தலைவர் நாற்காலி எனக்கு என்று ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் கம்பெனி ஒரு திருகாணிகூடச் செய்வதில்லை. நீங்கள் வரையும் சர்க்யூட்டை மற்றவர்கள் உரிமம் வாங்கித் தங்கள் சிப்பில் வைத்துக்கொள்கிறார்கள். விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் உங்களுக்குச் சில காசு. இன்று வரும் காசை மட்டும் பார்த்தால், சந்தை கொடுக்கும் விலையில் கால்வாசிகூடத் தேறாது. அந்தப் பெரிய ஸ்மார்ட் கடிகாரக் கம்பெனி உங்கள் பேட்டரி சர்க்யூட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே, அந்தக் கடிகாரம் எப்போது கடைக்கு வரும், வந்தபின் வருஷத்துக்கு எத்தனை விற்கும், அதில்தான் முழு விலையும் இருக்கிறது. இன்னும் செய்யாத கடிகாரங்களை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா உன் போனில்தான் பேசுகிறாள் என்பதால் அவளோடும் பேசக் கூடாதாம். நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? வேலையைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தும் எழுதிவிடாதே.

அக்கா

*

மார்ச் 9

அக்காவுக்கு,

உனக்கு முன்னால் இதைப் படிக்கும் ஐயாவுக்கு வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

அம்மாவிடம் சொன்னேன்.

"என் பொண்ணுகூட நான் பேசக்கூடாதா? எவன் சொன்னான்?"

"அக்கா ஆபீஸ்ல சொல்லியிருக்காங்கம்மா. ரெண்டு மாசம்தான். லெட்டர் எழுதலாம். ஆனா ஒருத்தர் படிச்சுப் பார்த்துட்டுத்தான் குடுப்பாரு."

"அப்போ என்னைப் பத்தி ஒரு வரி எழுதாதே. முன்னப்பின்ன தெரியாத ஆளு என் கதையை எதுக்குப் படிக்கணும்?"

கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்படி எழுதுவதே சத்தியத்தை மீறியதாகுமோ என்னவோ. இனிமேல் வீட்டில் நடப்பதைப் பெயர் சொல்லாமல்தான் எழுதுவேன். நீ புரிந்துகொள்வாய்.

நீ எங்கள் கம்பெனியை எடுத்திருக்க வேண்டாம். உலகத்தில் வேறு கம்பெனியா இல்லை? விஷயம் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லிஃப்டில் ஏறினால், கூட நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்க்கிறார்கள். நான்கு வருஷமாக ஒரே மேசையில் என்னோடு சாப்பிடுகிறவன் நேற்று, "உன் அக்கா என்னதான் விலை போடப்போறாங்க?" என்று கேட்டுவிட்டு, உடனே, "வேணாம், சொல்லாதே. எனக்கு எதுக்கு வம்பு" என்று தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டான்.

தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் ஓரத்தில் சிவப்புக் கோடுகளோடு வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பேர் சொல்லாம எழுதுவேன்னா என்ன மேடம் அர்த்தம்?" என்று கேட்டார். எங்கள் அம்மா கூச்சப்படுபவள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. எதையும் நேராக எழுது, அது உனக்கும் நல்லது.

சனிக்கிழமை ஒரு பெரிய கடையில் நாலு மணி நேரம் நின்றேன். கைக்கடிகாரப் பகுதிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் கையில் மாட்டிப் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டேன். நூற்றுப் பதினெட்டுப் பேரில் அறுபத்தோரு பேர் பேட்டரியைக் கேட்டார்கள். கடைப் பையன் என்னைத் திருடி என்று நினைத்திருப்பான், சுற்றிச் சுற்றியே வந்தான்.

பத்து வருஷத்து அட்டவணை போட்டாயிற்று. அதில் ஒரு விதி உண்டு. அடுத்த வருஷம் வரும் நூறை இன்று நூறு என்று எழுத முடியாது. வருமோ வராதோ என்பதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். தள்ளிப்போகப் போக இன்னும் கழியும். பத்தாவது வருஷத்து நூறுக்கு இன்று முப்பதுகூட இல்லை. அதனால் கடிகாரம் எந்த வருஷம் வரும் என்பதுதான் எல்லாமே. மூன்றாம் வருஷம் என்று வைத்திருக்கிறேன். உன்னிடம் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் கடைசியில் அறிக்கை வந்துவிடும். மறுநாளே கிளம்பி வருகிறேன். அம்மாவிடம் சொல்.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

முதல் பரிசோதனை சரியில்லை என்று உனக்கு எழுதாமல் இருந்தேன். மறுபடி பார்க்கலாம் என்றார்கள். இரண்டாவது பரிசோதனையும் சரியாக வரவில்லை. இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதிக நாள் ஓடாது.

வேறு யாருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று என்னால் இதில் எழுத முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசி வரை காத்திருக்காதே. நீ எடுக்க வேண்டிய முடிவை இப்போதே எடு.

தம்பி

*

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபமா?

ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை போன் செய்திருந்தாய். நான் எடுக்கவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும், கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதுவானாலும் எழுத்தில் அனுப்பு என்று முதலிலேயே சொன்னேனே.

இங்கே வேலை பெண்டு நிமிர்த்துகிறது. மேலாளர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மூணாவது வருஷம்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றார். உரிமம் வாங்கிய நாளிலிருந்து கருவி கடைக்கு வருகிறவரைக்கும், இதற்கு முன் வந்த இருபத்திரண்டு கருவிகளுக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று பட்டியல் காட்டினேன். பட்டியலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். நன்றாகத்தான் போகிறது.

அம்மாவுக்கு மெல்லிய கம்பளிப் போர்வை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 13

அக்காவுக்கு,

எல்லாம் முடிந்த பிறகு வந்தாய். சித்தி போன் செய்து சொன்னதும் கிளம்பி வந்ததாகச் சொன்னாய். ஒரு நாள் சித்தி வீட்டில் தங்கினாய், போய்விட்டாய். நடுவில் ஒரு முறை கூடத்தில் நின்றுகொண்டு, பத்துப் பேர் இருக்கும்போது, "முன்னாடியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்று கேட்டாய். அப்போது என் கையில் யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தார்கள், அதைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

இப்போது சொல்கிறேன். மார்ச் 25 அன்று உனக்கு எழுதினேன். தபாலாபீஸ் ரசீது வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை கூப்பிட்டேன். திங்கட்கிழமை உன் அலுவலகத்துக்கே போன் போட்டேன். யாரோ ஒரு பெண், "அவங்களுக்கு உங்க காலைக் குடுக்கக்கூடாதுன்னு குறிப்பு இருக்கு சார், எழுதி அனுப்புங்க" என்றாள். நான் எழுதிவிட்டேனே என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி காலை அம்மா போய்விட்டாள். நீ ஏப்ரல் 2 அன்று எழுதிய கடிதம் ஏழாம் தேதி வந்தது. போர்வை வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய்.

அம்மாவைப் பார்க்க வருவதையும் நீ உன் அட்டவணையில்தான் வைத்திருந்தாய் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம். தள்ளிப்போகப் போக மதிப்புக் குறையும் என்று எனக்கு எழுதியவள் நீதான்.

இதற்குப் பதில் வேண்டாம்.

தம்பி

*

ஏப்ரல் 19

தம்பி,

பதில் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். இது என் வீட்டு முகவரியிலிருந்து வருகிறது. நகல் எடுக்கவில்லை.

மார்ச் 25 கடிதம் எனக்குக் கிடைக்கவே இல்லை. உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"என் தம்பி எழுதின லெட்டர் ஏதாவது உங்ககிட்ட நிக்குதா சார்?"

அவர் இழுப்பறையைத் திறந்தார். தேடவில்லை. மேலாகவே இருந்தது.

"ரெண்டாவது பரிசோதனையும் சரியில்ல, அதிக நாள் ஓடாது, முடிவை இப்பவே எடு. சிப் கம்பெனியில வேலை பண்றவர் இப்படி எழுதினா நான் என்னன்னு எடுத்துக்கறது மேடம்? நீங்களே சொல்லுங்க."

"எங்க அம்மா செத்துட்டாங்க சார்."

"தெரியும். லீவ் லெட்டர் என் மேசைக்குத்தான் வந்துச்சு."

"அப்பவாவது குடுத்திருக்கலாமே."

"அப்பத்தான் இது அவங்களைப் பத்தியோன்னு எனக்குத் தோணுச்சு. அதுக்கப்புறம் உங்ககிட்ட இதை எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்கு மிச்சமிருந்த வேலையைச் செய்தேன். ஏழாம் வருஷத்துப் பத்தியில் ஒரு கூட்டல் தப்பாக இருந்தது, அதைத் திருத்தினேன்.

மறுநாள் அவர் வந்து, ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தால் இது வீட்டு விஷயம்தான் என்று குறித்துக் கோப்பை மூடிவிடலாம், என் மேல் ஒன்றும் வராது என்றார். நீ அனுப்ப வேண்டாம். கேட்டாலும் கொடுக்காதே. அம்மா வேண்டாம் என்றது வேண்டாம்தான். அறிக்கையை விட்டுவிட்டேன். என் அட்டவணையை இன்னொருவரிடம் கொடுத்தாயிற்று. விசாரணை வைப்பார்களாம், வைக்கட்டும். நீ இனி என் வீட்டுக்கே எழுதலாம், யாரும் பிரிக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று அழைப்புகள். மேசை மேல் போன் இருந்தது. உன் பெயர் வந்தது. மூன்று தடவையும் அடித்து ஓய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையெழுத்துப் போட்டதால் எடுக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். நீ வாய் தவறி உன் சிப்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாய், அப்புறம் நான் அறிக்கையை விட வேண்டிவரும் என்று பயந்துதான் எடுக்கவில்லை. அம்மா என் நினைப்பிலேயே வரவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

கடிதம் வந்தது. உன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தது ஒருவிதத்தில் சௌகரியமாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். மார்ச்சில் அந்த ஒரே வாரத்தில் இரண்டு பரிசோதனைகள் நடந்தன. செவ்வாய்க்கிழமை அம்மாவுடையது. வியாழக்கிழமை எங்கள் சோதனைச் சிப். அதுவும் சூடாகி நின்றுவிட்டது, இரண்டாம் முறையாக. மூன்று நாள் நான் இங்கேயும் அங்கேயும் உட்கார்ந்து, சரியில்லை என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உனக்கு அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சத்தியமாக. ஆனால் கடைசி வரி, 'முடிவை இப்போதே எடு' என்று எழுதினேனே, அப்போது உன் அறிக்கையும் எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா மூன்றாம் வருஷம் என்று போட்டு மாட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். அழிக்காமல் விட்டுவிட்டேன். உங்கள் அதிகாரி முழுக்கத் தப்பாகப் படித்தார் என்று என்னால் சொல்ல முடியாது.

'அம்மா' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும். அவளுக்குக் கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றினேன். நல்ல பிள்ளை.

நேற்று எல்லாம் வெளியே அறிவித்துவிட்டார்கள், நீ பார்த்திருப்பாய். கடிகாரம் இரண்டு வருஷம் தள்ளிப்போகிறது. பங்கின் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. கேன்டீனில் சாவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நிஜச் சாவு வீடு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரியும் என்பதால் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

மருந்துகளை ஆஸ்பத்திரியில் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களாம். ஒரு பை நிறைய இருக்கிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உனக்கு?

தம்பி

*

மே 5

தம்பி,

எனக்கும் வரவில்லை.

விசாரணை முடிந்தது. காகிதம் எதுவும் தரமாட்டேன் என்றேன். அதிகாரியே எனக்காகப் பேசினாராம். வேலை இருக்கிறது, நாற்காலி இல்லை. சிமென்ட், செருப்புக் கம்பெனிகளை மதிப்பிடக் கொடுத்திருக்கிறார்கள். செய்கிறார்கள், விற்கிறார்கள், காசு வாங்குகிறார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. என் அட்டவணையை வாங்கிக்கொண்டவர் மூன்றாம் வருஷம் என்றே வெளியிட்டுவிட்டார். இப்போது என்னைக் கண்டால் படிக்கட்டு வழியாகப் போகிறார். இரண்டு வருஷம் தள்ளி அந்த அட்டவணையை நானே ஒரு முறை போட்டுப் பார்த்தேன். விலை சந்தையில் விழுந்த இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்கலாம்தான். இரண்டு தடவை உன் எண்ணைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடைசியில் அம்மா என்னைக் கேட்டாளா? கேட்கவில்லை என்றாலும் அப்படியே எழுது.

அக்கா

*

மே 11

அக்கா,

கேட்டாள்.

நாலாம் தேதி மத்தியானம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கண்ணை மூடியே படுத்திருந்தவள் திடீரென்று தெளிவாகக் கேட்டாள்.

"அவ வந்துட்டாளா?"

நீ வரமாட்டாய் என்று எனக்கு அன்றைக்கு நிச்சயமாகத் தெரியும். கடிதம் கிடைத்தும் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"வந்துட்டாம்மா. காலையிலயே வந்தா. பக்கத்து ரூம்ல தூங்கறா. எழுப்பட்டுமா?"

"வேணாம், வேணாம். எழுப்பாதே. அவ்வளவு தூரம் வந்திருக்கா. தூக்கம் கெட்டா அவளுக்குத் தலை வலிக்கும்."

டிவியை நிறுத்தச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை அவள் என்னிடம் பேசியது ஏழெட்டு வார்த்தைதான் இருக்கும். தண்ணீர் வேண்டும் என்றது, ஜன்னலைத் திற என்றது. எல்லாமே கிசுகிசுத்துத்தான். நீ எழுந்துவிடக் கூடாது என்று.

உன் மேல் இருந்த ஆத்திரத்தில் இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். பிறகு ஆத்திரம் போய்விட்டது, ஆனாலும் சொல்ல முடியவில்லை. அவள் மனக்குறை எதுவும் இல்லாமல் போனாள். அது நான் சொன்ன பொய்யால்தான். அது நல்லதா கெட்டதா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன்.

தம்பி

*

மே 16

தம்பி,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. அதுகூடத் தெரியவில்லை. அப்புறம் துடைத்தேன்.

நீ செய்தது சரி. எனக்கு அதைச் சொல்லும் தகுதி இருக்கிறதா என்று தெரியாது, ஆனாலும் சொல்கிறேன்.

பக்கத்து அறை என்றால் நீ கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாயே, அதுதானே? அங்கே கட்டில் கிடையாது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்காமல் விட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பத்து நாள் லீவ் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். சித்தி வீட்டுக்குப் போக மாட்டேன். கம்ப்யூட்டர் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த அறையில் ஒரு மெத்தை போட்டு வை. வந்ததும் படுத்துக்கொள்கிறேன். மார்ச்சிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை.

நீ அலுவலகத்துக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே இரு. கதவைச் சாத்தாதே. மத்தியானம் ஆனதும் என்னைக் கூப்பிடு. சத்தமாகவே கூப்பிடு. எழுந்து வருகிறேன்.

அக்கா